கம்பிக்குள் போன வேப்பநிழல்

மத்தியானம் பன்னிரண்டு ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நாலு வரி டைப் அடிப்பதற்குள் எழுந்து கடை வாசலுக்குப் போவேன். எதிர்ச்சாரியில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்ப்பேன். வந்து உட்காருவேன். மறுபடி எழுவேன். சாப்பாடு கொண்டுவரும் வீட்டுக்காரர், "உனக்குக் கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்குது?" என்று கேட்டுவிட்டு, நான் முறைக்கிற முறைப்பில் வந்த வழியே போய்விடுவார்.

அந்த மரம் இன்றைக்குக் கம்பி வேலிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதற்குக் காரணம் நான். மரத்தைக் காப்பாற்றப் போய் இப்படி ஆகிவிட்டது. இதை எங்கேயாவது எழுதித் தொலைத்தால்தான் எனக்கு ஆறும்.

காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு போகிற பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பேரூராட்சி. கிராமம் என்றால் கோபித்துக்கொள்வோம், நகரம் என்றால் எங்களுக்கே சிரிப்பு வரும். கடைத்தெருவில் ஒரு காலத்தில் வரிசையாகப் புளியமரங்கள் இருந்தன. ரோடு அகலமாக அகலமாக ஒவ்வொன்றாகப் போயின. அப்போதெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. வளர்ச்சி என்றார்கள், சரி என்றேன். மரம் நின்ற இடத்தில் மொபைல் கடை வந்தது, ஏ.டி.எம். வந்தது, நகைக்கடை வந்தது. எல்லாரும் ஏ.சி. போட்டார்கள். உள்ளே இருந்த சூட்டையெல்லாம் வெளியே ரோட்டுக்குத் தள்ளிவிட்டு உள்ளே ஜில்லென்று உட்கார்ந்துகொண்டார்கள். பங்குனி பிறந்தால் எங்கள் கடைத்தெருவைக் கடப்பது தோசைக்கல்லில் நடப்பது மாதிரிதான்.

மிச்சமிருந்தது இந்த வேம்பு ஒன்றுதான். அதற்கு நேர் எதிரில் என் ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், காத்திருப்பவர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே ஒரு ஃபேன். பட்டா மாற்ற, பென்ஷன் கேட்க, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல, ஊர் முழுக்க என்னிடம்தான் வந்து மனு எழுதும். வாய் கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பேர். இருக்கட்டும்.

வேம்படி நாலு பெண்களுக்குச் சொந்தமாக இருந்தது. பேரூராட்சியின் குப்பை வேலைக்குக் காண்ட்ராக்டில் வந்தவர்கள். விடியும் முன்பே வந்து தெருக்கூட்டி, வண்டி தள்ளி, சாக்கடை வாரி, பன்னிரண்டு மணிக்கு அந்த மரத்தடியில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறப்பார்கள். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் வேரில் தலைவைத்துப் படுப்பார்கள். அப்புறம் மூன்று மணி வரைக்கும் மறுபடி வேலை.

நாலு பேரில் மூத்தவள் என்னோடு பேசுவாள். என் வயசுதான் இருக்கும், ஐம்பதைத் தொட்டவள். ஆனாலும் என்னை அக்கா என்பாள். நானும் திருத்தியதில்லை. தினமும் கடைப் படிக்கட்டுக்குக் கீழே நின்று பாட்டிலை நீட்டுவாள். நான் கேனிலிருந்து பிடித்துக் கொடுப்பேன். இப்படி ஒன்பது வருஷம். மற்ற கடைக்காரர்கள் செய்யாததை நான் செய்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சாக்கடைக் கால்வாய் கட்ட வந்தார்கள். நேர்கோட்டில் போனால் மரம் நடுவில் வருகிறது. அடிமரத்தில் சிவப்பு பெயிண்டில் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடேயே மூன்று பக்கத்துக்கு மனு எழுதினேன். அந்த மனு இன்னமும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் குயில் இருக்கிறது, மைனா இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, வருங்காலச் சந்ததி இருக்கிறது. அந்த நாலு பெண்கள் இல்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன், ஆனால் ஒரு வரிகூட அவர்களைப் பற்றி இல்லை. என் கடைக்கும் அந்த மரத்தால் சாயங்காலம் நிழல் என்பதையும் எழுதவில்லை.

மனு எங்கே போயிற்றோ தெரியாது. திங்கட்கிழமை ஜே.சி.பி. வருகிறது என்று சனிக்கிழமை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊரே கறிக்குழம்பு தின்றுவிட்டுத் தூங்கும். நானும் தின்றேன். தூக்கம் வரவில்லை. கொல்லைப்புறத்தில் குழாயடியில் எங்கள் வீட்டு அம்மிக் குழவி கிடந்தது. மிக்ஸி வந்த பிறகு அதற்கு வேலை இல்லை, துணி காயப்போடும் கம்பம் ஆடாமல் இருக்க அண்டக் கொடுத்திருந்தேன். கல்யாணமான புதுசில் கோபத்தில் கீழே போட்டதில் ஒரு முனை சில்லு பெயர்ந்த குழவி. அதைக் கழுவினேன். மஞ்சள் பூசினேன், குங்குமம் வைத்தேன். பழைய மஞ்சள் சேலையில் ஒரு முழம் கிழித்தேன். எல்லாவற்றையும் கட்டைப்பையில் போட்டு, வண்டியில் வைத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். ஈ காக்கை இல்லை. மரத்தடியில் குழி பறித்துக் குழவியை நட்டேன். சில்லு பெயர்ந்த முனை மேலே வந்துவிட்டது, அதன்மேல் ஒரு பொட்டு கூடுதலாக வைத்தேன். மரத்தில் துணியைச் சுற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

மறுநாள் ஜே.சி.பி. வந்தது. டிரைவர் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இது முனியப்பனுங்க. சந்தேகமே இல்ல" என்றார். காண்ட்ராக்டர் போனில் யாரிடமோ, "முனியப்பன் விசயத்துல நம்ம கை வெக்கறதில்லைங்க" என்பது என் கடை வரைக்கும் கேட்டது. கால்வாய் மரத்தைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து போயிற்று. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அன்றைக்கு மத்தியானம் அவள் தண்ணீருக்கு வந்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கு இப்ப சிரிக்கற?"

"ஒண்ணுமில்லைங்கக்கா. உங்க வூட்டுக் குப்பைய வாங்க வரப்பெல்லாம் கொல்லையில பாத்திருக்கறேன். நல்ல சாமிங்க."

இந்த ஊரில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கடைசி வரைக்கும் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

இரண்டு மாசம் நான் தரையில் நடக்கவில்லை. மனுவால் ஆகாததை ஒரு குழவிக்கல்லால் முடித்துவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் தினமும் பீற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை யாரோ சூடம் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை யாரோ கோழி அறுத்தார்கள். லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். இரும்புக்கடைக்காரர் தலைமையில் கமிட்டி ஒன்று வந்தது. மேடை கட்டினார்கள். மேடைக்கு டைல்ஸ் போட்டார்கள். டைல்ஸ் அழுக்காகாமல் இருக்கச் சுற்றிலும் கம்பி வேலி வைத்தார்கள். வேலி என்றால் கேட் வேண்டும், கேட் என்றால் பூட்டு வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிந்தது.

போர்டு அடிக்க என்னிடமே வந்தார்கள். "காலணியுடன் உள்ளே வரக்கூடாது. மரத்தடியில் உணவு உண்ணவோ, படுக்கவோ கூடாது." நான்தான் டைப் அடித்தேன். எழுத்து பெரிசாக இருக்கட்டும் என்று யோசனையும் சொன்னேன். குடிகாரர்களுக்காகப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா, இல்லை, அப்படி நினைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று விட்டேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

போர்டு மாட்டிய மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். நின்றார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கு எது ஆகாது என்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை, அவரவருக்குத் தெரிந்திருக்கும். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். அங்கே தகரக் கூரை, இரும்புச் சீட்டு. உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். அப்புறம் ஏ.டி.எம். சுவரோரம் போனார்கள். அங்கே ஏ.சி. பெட்டி அனல் ஊதியது. அன்றையிலிருந்துதான் எனக்கு மத்தியானத்தில் உட்கார முடியாமல் போனது.

சித்திரையில் ஒரு நாள் அவள் விழுந்தாள். ஏ.டி.எம். சுவரில் சாய்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நான் ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். உச்சி வெயிலில் நிழலில் இருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

"தண்ணி குடிச்சா அப்பறம் எங்கங்க போறது?" என்று அவள் கேட்டாள். கடைத்தெருவில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் இல்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டு வருவேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. தினமும் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த தண்ணீரை அவள் குடித்தாளா, கை கழுவினாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் வேலைக்கு வந்தவளிடம் மேஸ்திரி சொல்லிவிட்டான், இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மரத்தடி மேடையில் கமிட்டி கூடியது. என்னை யாரும் அழைக்காமலேயே போனேன். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும், அந்த நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன்.

இரும்புக்கடைக்காரர் நல்ல மனுஷர்தான். குரலை உயர்த்தாமல் பேசுவார். "சாமி இருக்கற எடத்துல சோறு திங்கறது நல்லாருக்குங்களா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

"முனியப்பனுக்குக் கோழி அறுத்துப் பொங்கித் தின்னீங்களே, அது?"

"அது படையலுங்க. இவங்க குப்பை அள்ளிட்டு அப்படியே வர்றவங்க. அதுக்குச் சொல்றேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அது முனியப்பனும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க! எங்க வூட்டு அம்மிக் குழவி. நான்தான் ஞாயித்துக்கெழம கறிச்சோறு தின்னுட்டு வந்து நட்டேன். மேல பாருங்க, சில்லு பேந்திருக்கும். நான் கீழ போட்டு ஒடச்சது!" என்று கத்திவிட்டேன்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரின் முகம் ஒரு கணம் கண்முன் வந்து போயிற்று. இரும்புக்கடைக்காரர் மெதுவாக எழுந்தார். பொட்டுக்குக் கீழே அந்தச் சில்லு பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்கம்மா, ஊரே தூங்கறப்போ உங்கள எழுப்பி, இந்தக் கல்ல எடுத்துட்டுப் போயி அந்த மரத்தடியில வெய்யின்னு சொன்னது யாருங்க? அவருதானுங்களே?"

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குழவியை மட்டுமில்லை, என்னையும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். சாமி கொண்டுவந்த அம்மாவிடம் ஒரு சாவி இருக்கட்டும் என்று கேட் சாவியில் ஒன்றை மஞ்சள் கயிற்றில் கட்டி என் கையில் கொடுத்தார்கள்.

சரி, சாவி கிடைத்ததே என்று மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டைத் திறந்தேன். ஏ.டி.எம். பக்கம் பார்த்து, "வாங்க, வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டேன். நாலு பேரும் எழவில்லை. பிறகு அவள் மட்டும் எழுந்து கேட் வரைக்கும் வந்து, கம்பியைத் தொடாமல் நின்றாள்.

"நாளைக்கு நீங்க எங்கியாவது ஊருக்குப் போனா யாருங்க தெறப்பாங்க?"

"நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னைக்கு உக்காரு."

"உக்காந்துட்டு எந்திரிச்சுப் போறதுதாங்கக்கா கஷ்டம். அதுக்கு நாங்க இப்பிடியே இருந்துக்கறோம்."

எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு பேச்சும் பேசிச் சாவி வாங்கி வந்தால் இவளுக்கு ரோஷத்தைப் பார் என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிவிட்டு, பூட்டைக் கழற்றி, பக்கத்தில் வளைந்து போகிற கால்வாயில் வீசினேன். பூட்டே இல்லையென்றால் யார் சாவியும் வேண்டாமல்லவா?

இரண்டு நாளில் புதுப் பூட்டு வந்தது. திருடன் கொண்டுபோய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள். புதுச் சாவியிலும் ஒன்றை எனக்கு மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் திறந்து வீசினேன். மூன்றாவது வந்தது. மூன்றாவதையும் வீசினேன். இவர்களுக்குப் பூட்டு வாங்கச் சலிக்கிறதா, எனக்கு வீசச் சலிக்கிறதா, பார்த்துவிடலாம் என்று இருந்தேன். வீசுகிற அன்றைக்கு மட்டும் மத்தியானம் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கும்.

அவர்கள் ஏ.டி.எம். சுவரோரமே உட்கார்ந்திருந்தார்கள்.

போன மாசம் ஒரு மழை பெய்தது. கால்வாய் அடைத்துக்கொண்டு, அந்த வளைவில் தண்ணீர் ரோட்டுக்கு ஏறியது. வழக்கம்போல நாலு பேரையும் வாரச் சொன்னார்கள். காலையிலிருந்து சேற்றை அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். கையைக் கழுவியிருந்தாள், முழங்கைக்கு மேலே சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பாட்டிலை நீட்டுவாள் என்று நான் எழுந்தேன். நீட்டவில்லை. படிக்கட்டின் மேல்படியில் மூன்று பூட்டுகளை வரிசையாக வைத்தாள். துருப்பிடித்து, பிளாஸ்டிக் கவர் சுற்றி, சேறும் சகதியுமாக.

"இதையும் நாங்கதாங்கக்கா அள்ள வேண்டியிருக்குது" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கட்டைவிரலில் அவள் சுற்றியிருந்த துணியில் ரத்தம் இருந்தது. பூட்டின் கொக்கி கிழித்ததா என்று கேட்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

"எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றாள்.

"மரத்தடிக்கா?"

"அது வேண்டாங்க. அது உங்க சாமி, நல்லா இருக்கட்டும். மார்க்கெட்டுக்குப் பின்னால பேரூராட்சி எடம் சும்மா கெடக்குதில்ல, அங்க எங்களுக்குன்னு ஒரு கொட்டாய், ஒரு கொழாய், ஒரு கக்கூசு. ரெண்டு புங்கஞ்செடி வெச்சுக் குடுத்தாங்கன்னா நாங்களே தண்ணி ஊத்திக்கறோம். எங்க நாலு பேர் பேருலயும் எழுதுங்க. உங்க பேரு வேண்டாங்க."

குயில் இல்லை, ஆக்சிஜன் இல்லை. நாலே நாலு வாக்கியம். ஒன்பது வருஷமாக இது யாரும் கேட்காமல் அவளிடம் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற நான் அவளிடம் ஒரு நாள்கூட, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். அவள் படிக்கட்டுக்குக் கீழே வெயிலில் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வரி அடித்திருப்பேன். சொல்லிக்கொண்டிருந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிறுத்தினாள். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"மேல ஏறி வந்து உக்காரும்மா" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று படி ஏறினாள். பூட்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி உள்ளே வந்தாள். கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரோரம் தரையில் குந்தப் போனவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எதுலங்கக்கா?" என்று கேட்டாள்.

நாலு நாற்காலியும் காலியாகத்தான் இருந்தன.